உமிக்குள் வேகும் கோபம்: ‘சீத்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், வேலை முடிந்த பிறகு என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். அன்றன்று தமக்கு நடந்த ஏதேனும் ஒன்றை ஐந்து வரிகளில் எழுதிவர வேண்டும் என்பது அவருக்கு நான் கொடுத்திருக்கும் பயிற்சி. ஒருநாள் அவர் கொண்டுவந்த தாளில் ‘மை ஓனர் சீத்ட் மீ’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. கைப்பேசி அகராதியில் ‘சீத்’ என்பதற்குக் ‘கடுங்கோபம் கொள்’ என்று பொருள் கண்டதாகவும், முதலாளி தம்மீது கடுங்கோபம் கொண்டதைத்தான் அப்படி எழுதியதாகவும் அவர் சொன்னார். நடந்தது என்ன என்று கேட்டேன். எடை போட்டு வாங்கிய வெள்ளியைக் கொலுசாக்கித் திருப்பி எடை போட்டுக் கொடுத்தபோது, வழக்கமான சேதாரத்துக்கு மேல் சிறிது குறைந்திருந்ததாம். முதலாளி எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டிருக்கிறார். அந்தக் குறைவு எப்படி வந்தது என்று இவர் விளக்க முயன்றபோது, வாய் திறக்க விடவில்லை. தலை குனிந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை.

கேட்டு முடித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சொல் முதலாளிக்கு உரியதே அன்று. தூக்கம் வராமல் படுத்திருந்த அந்த இளைஞருக்கு உரியது. கூச்சல் போட்டவரின் கோபத்துக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. கூச்சல் போட முடியாமல் நின்றவரின் கோபத்துக்கு ஏற்பட்ட சொல்தான் ‘சீத்’. அகராதி தவறான பொருளைத் தரவில்லை. ஆனால் பாதிப் பொருளோடு நின்றுவிட்டது. மீதிப் பாதியை இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எழுத்தும் ஒலிப்பும். எஸ், இ, இ, டி, எச், இ (seethe) என்ற ஆறு எழுத்துகளைக் கொண்ட சொல் இது. கடைசியில் வரும் ‘டி, எச்’ என்ற இணையை அழுத்தித் ‘த்த்’ என்று ஒலிக்கக் கூடாது. ‘வீதி’ என்று சொல்லும்போது நடுவில் வரும் தகரம் எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறதோ, அந்த மென்மையே இங்கும் வேண்டும். ஆகவே இதன் ‘இங்’ வடிவமான ‘சீதிங்’ என்பதைத் தமிழர்கள் சொல்வது எளிது. ‘வீதி’யின் பின்பாதி அதற்குள் அப்படியே இருக்கிறது. முதல் எழுத்தைச் ‘சந்தை’யில் வரும் சகரம் போல மென்மையாக ஒலித்தால் போதும். இறந்தகால வடிவத்தில் ‘டி’ (d) என்ற ஓர் எழுத்து மட்டும் கூடும். ஆனால் அதற்காக ஓர் அசையைக் கூட்டிச் ‘சீத்தடு’ என்று இழுக்காமல், ஒரே மூச்சில் ‘சீத்ட்’ என்று முடித்துவிட வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருவோம். இந்தச் சொல் பிறந்த இடம் அடுப்படி. பழைய ஆங்கிலத்தில் ‘சேயோதன்’ என்று வழங்கிய இதற்குக் கொதித்தல், கொதிக்கவைத்தல், வேகவைத்தல் என்பவையே பொருள். ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘சீடன்’ என்ற சொல், இன்றும் கொதித்தலையே குறிக்கிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே வேகவைக்கக் கூடாது என்ற கட்டளை வரும் இடத்தில் ‘சீத்’ என்ற இதே வினைதான் நிற்கிறது. அங்கே கோபத்துக்குச் சிறிதும் இடமில்லை. சமையல் மட்டுமே உண்டு.

சமையலறையிலிருந்து இந்தச் சொல் வெளியேறியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் பெருமளவில் நுழைந்தன. கொதித்தலைக் குறிக்கும் ‘பாய்ல்’ என்ற சொல்லும் அப்படி வந்ததே. நாளடைவில் தண்ணீருக்கும் பாலுக்கும் முட்டைக்கும் ‘பாய்ல்’ போதும் என்றாகி, பழைய சொல்லுக்கு அடுப்படியில் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அது சாகவில்லை. பானைக்குள் நடந்ததை மனத்துக்குள் நடப்பதற்கு உவமையாக வைத்துப் பேசும் வழக்கம் அதைக் காப்பாற்றியது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் ‘சீத்’ செய்கிறார் என்றால், அவர் அடுப்பு, அவரே பாத்திரம், அவருக்குள் இருப்பதே கொதிநீர்.

இந்த உவமையை நம் ஊர்க் காட்சி ஒன்றோடு பொருத்திப் பார்த்தால் நன்றாக விளங்கும். சேலத்துக்கு வடமேற்கே ஓமலூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளைப் பார்த்திருப்பவர்கள், அகன்ற கொப்பரையில் கரும்புச்சாறு காயும் விதத்தை அறிவார்கள். கீழே சக்கை எரிகிறது. சாறு சூடேறும்போது முதலில் மேலே அழுக்கு திரண்டு ஓர் ஆடை போலப் படர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு மேற்பரப்பு அடங்கியிருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த ஆடைக்கு அடியில் சாறு புரண்டுகொண்டிருக்கும். ஆடை அங்கங்கே மேலெழுந்து அமுங்குவதைக் கொண்டுதான் உள்ளே நடப்பதை அறிய முடியும். பொங்கி விளிம்பைத் தாண்டிவிட்டால் அது வேறு நிலை. விளிம்பைத் தாண்டுவதற்கு முன்னுள்ள அந்த நீண்ட நேரத்தைத்தான் ‘சீத்’ என்ற வினை பிடித்துவைக்கிறது. பொங்கி வழிந்த கோபத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டால் ஆங்கிலம் பேசுபவரின் காதில் அது பொருந்தாமல் ஒலிக்கும்.

கோபத்தின் அளவைக் காட்டும் சொல் என்று மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. இதை விளக்க வகுப்பில் நான் ஏற்காட்டைத் துணைக்கு அழைப்பதுண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலம் நகரில் தண்ணீர் 99 டிகிரி செல்சியசை ஒட்டிக் கொதிக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போனால், காற்றழுத்தம் குறைவதால், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வெப்பம் குறைவுதான், ஆனால் குமிழிகள் எழுவதும் நீர் புரள்வதும் இரண்டு ஊரிலும் ஒன்றே. ‘சீத்’ என்ற சொல்லும் அப்படிப்பட்டது. எத்தனை டிகிரிக் கோபம் என்பதை அது முதன்மையாகச் சொல்வதில்லை. உள்ளே ஓயாத புரளல் நடக்கிறது, அது வெளியே வரவில்லை என்ற நிலையைச் சொல்கிறது. கடுமையான கோபம் என்பது அந்த நிலைக்குள் தானே அடங்கிவிடுகிறது.

அந்தப் புரளலுக்கு நீட்சியும் உண்டு. இரண்டு நிமிடம் கத்திவிட்டு மறந்துபோகிறவர் ‘சீத்’ செய்தார் என்று எழுத முடியாது. சேலம் பேருந்து நிலையத்தில் சில்லறைக்காக அவமானப்பட்ட ஒரு பெரியவர், எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல், ஏற்காடு போய்ச் சேரும் வரை சன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்தபடி, தாடையை இறுக்கிக்கொண்டு, இருபது வளைவுகளிலும் ஒரே மாதிரி உட்கார்ந்துவந்ததை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். மலைக்காற்றின் குளிர்ச்சி அவரை எட்டவே இல்லை. இந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான எடுத்துக்காட்டு அவர்தான்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, இது செயப்படுபொருள் குன்றிய வினை என்பது. இன்றைய வழக்கில் இதற்குச் செயப்படுபொருள் வராது. இதை ஆங்கில இலக்கண நூலைத் திறந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தமிழே வழிகாட்டும். ‘நான் கொதித்தேன்’ என்று சொல்கிறோம். ‘அவர் என்னைக் கொதித்தார்’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. வேண்டுமானால் ‘கொதிக்கவைத்தார்’ என்போம். ‘சீத்’ என்பதும் நம் ‘கொதி’யைப் போலவே நடந்துகொள்கிறது. என் மாணவர் எழுதிய ‘சீத்ட் மீ’ என்ற தொடரில் இருந்த ‘மீ’ நிற்கவே முடியாத இடத்தில் நின்றது. ‘ஐ வாஸ் சீத்ட்’ என்று செயப்பாட்டு வினையாக எழுதுவதும் அதே காரணத்தால் பிழையாகும். பழைய சமையல் பொருளில் இறைச்சியை வேகவைப்பது என்று செயப்படுபொருளோடு வந்தது உண்மைதான். ஆனால் அந்த வழக்கு இப்போது பழைய நூல்களோடு நின்றுவிட்டது.

பிறர் நம்மைக் கொதிக்கவைத்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் ஒரு சுற்றுவழியைக் கையாள்கிறது. ‘தி டிசிஷன் லெஃப்ட் ஹிம் சீதிங்’ என்பது செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் வாக்கிய அமைப்பு. அந்த முடிவு அவரை உள்ளுக்குள் குமுறும் நிலையில் விட்டுச்சென்றது என்பது அதன் கருத்து. செய்தவர் போய்விட்டார், முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் கொதிப்பு இவரிடம் தங்கிவிட்டது என்ற நுணுக்கம் ‘லெஃப்ட்’ என்ற அந்தச் சொல்லால் கிடைக்கிறது. நேரடியான பிறவினை வேண்டும் என்றால் ‘இன்ஃப்யூரியேட்’, ‘என்ரேஜ்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ‘ஹி இன்ஃப்யூரியேட்டட் மீ’ என்றால் அவர் எனக்குக் கடுங்கோபம் மூட்டினார் என்று பொருள்.

இந்த வினை பெரும்பாலும் ‘இங்’ சேர்ந்த தொடர்வினை வடிவத்திலேயே காணப்படும். கொதிப்பு நடந்துகொண்டே இருக்கும் ஒன்று என்பதால் அது இயல்பே. ‘ஷி வாஸ் சீதிங்’ என்று மட்டும் எழுதினாலும் பொருள் நிறைவாக இருக்கும். கோபம் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. சேர்ப்பதானால் ‘வித்’ என்ற முன்னிடைச்சொல் வேண்டும்: ‘சீதிங் வித் ஆங்கர்’, ‘சீதிங் வித் ரிசென்ட்மென்ட்’. எது கொதிக்கவைத்ததோ அதைச் சுட்ட ‘அட்’ அல்லது ‘ஓவர்’ வரும்: ‘சீதிங் அட் தி இன்சல்ட்’ என்றால் அந்த அவமதிப்பை எண்ணிக் குமுறுவது. ‘இன்வர்ட்லி’, ‘சைலன்ட்லி’, ‘குவயட்லி’ போன்ற வினையடைகள் இதனோடு இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன. அவை எல்லாமே உள்ளடங்கிய தன்மையைக் குறிப்பவை. ‘லவுட்லி’ என்பதை இதன் பக்கத்தில் வைத்தால், மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு மூடியிருக்கிறது என்று சொல்வது போலாகும்.

ஒரே ஒரு விலக்கு மட்டும் உண்டு. ஆங்கிலக் கதைகளில் உரையாடலுக்குப் பின் ‘சொன்னாள்’ என்ற இடத்தில் ‘ஷி சீத்ட்’ என்று வருவதைக் காணலாம். அங்கே பேச்சு நடக்கிறதே என்று ஐயம் எழலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், சொல்லுக்குள் நெருப்பை வைத்துப் பேசினாள் என்பதுதான் அதன் பொருள். அந்த இடத்திலும் மூடி முழுமையாகத் திறப்பதில்லை.

தமிழில் இதற்கு நிகராக எதைச் சொல்வது என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘கோபப்படு’ என்பது பொதுச்சொல். அதை வைத்தால் ‘ஆங்ரி’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ‘சீறு’ என்பது பாம்பின் செயல். அதில் கோபம் வெளிப்பட்டுவிடுகிறது. எழுத்து ஒற்றுமையைக் கண்டு ‘சீத்’ என்பதைச் ‘சீறு’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பொருளை நேர் எதிராகத் திருப்பிவிடும். ‘பொங்கு’ என்பது விளிம்பைத் தாண்டிய நிலை. ‘கொதி’ நெருக்கமானது; ஆனால் ‘அவர் கொதித்தெழுந்தார்’ என்று நாம் எழுதும்போது கொதிப்பு எழுச்சியாக வெளிவந்துவிடுகிறது. அதனால் ‘உள்ளுக்குள் கொதி’ என்று அடைமொழி சேர்த்தால்தான் அளவு சரியாகும்.

‘புழுங்கு’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் நெல்லை ஊறவைத்து அண்டாவில் அவித்து, களத்தில் காயவைத்துப் புழுங்கல் அரிசி ஆக்குகிறார்கள். அரிசி அங்கே உமிக்குள்ளேயே வேகிறது. பக்குவம் பார்த்து இறக்குவதுதான் அவிப்பவரின் கைத்திறன். அதே சொல்லைத்தான் நாம் மனத்துக்கும் ஆள்கிறோம்: ‘மனம் புழுங்கினாள்’, ‘மனப்புழுக்கம்’. வேகவைக்கும் வினை மனத்தின் வேதனையைக் குறிக்க வந்த பயணத்தை, ஆங்கிலத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், தமிழும் தன் வழியில் நடந்திருக்கிறது. ஆயினும் புழுக்கத்தில் துயரமும் ஆற்றாமையும் பொறாமையும் கலந்திருக்கின்றன. கோபத்தின் சூடு குறைவு. ஆகவே ‘சீத்’ என்பதன் உள்ளடங்கிய தன்மையைப் புழுங்குதலும், அதன் சூட்டைக் கொதித்தலும் பங்கிட்டுக்கொள்கின்றன எனலாம். இரண்டையும் ஒருங்கே தாங்கும் ஒற்றைச் சொல்லைக் கேட்டால் நான் ‘குமுறு’ என்பேன். எரிமலை குமுறுகிறது என்கிறோம். அது இன்னும் வெடிக்கவில்லை. நெஞ்சு குமுறுகிறது என்கிறோம். வாய் இன்னும் திறக்கவில்லை. துயரக் குமுறலும் தமிழில் உண்டு என்பதால், மொழிபெயர்க்கும்போது ‘கோபத்தில் உள்ளுக்குள் குமுறினார்’ என்று எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது.

இந்தக் கோபம் ஏன் வெளியே வருவதில்லை என்பதற்கும் நம் மரபில் ஒரு சொல் இருக்கிறது. திருக்குறளில் ‘வெகுளாமை’ அதிகாரம் செல்லிடத்துச் சினம் என்றும் செல்லா இடத்துச் சினம் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. நம் கோபம் பலிக்கக்கூடிய எளியவர்மேல் கொள்வது ஒன்று. பலிக்காத வலியவர்மேல் கொள்வது மற்றொன்று. பட்டறை முதலாளியின் கோபம் செல்லிடத்தது; அது தடையின்றிச் சத்தமாக வெளியேறியது. தொழிலாளியின் கோபம் செல்லா இடத்தது. போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்றது. ‘சீத்’ என்ற வினைக்கு எழுவாயாக வருபவர்கள் எல்லாருமே வலிமையற்றவர்கள் என்று சொல்லவில்லை. பதவியில் இருப்பவரும் மரியாதை கருதி அடக்கிக்கொண்டு குமுறலாம். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் படிக்கும்போது, அந்தக் கோபத்தை வெளியே விடாமல் தடுத்தது எது என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தால், வாக்கியத்தின் பின்னணி பெரும்பாலும் துலங்கிவிடும்.

அண்டை வீட்டுச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ரேஜ்’ என்பது ஆர்ப்பரிக்கும் கோபம். புயலுக்கும் காட்டுத்தீக்கும் அதே வினையை ஆள்வார்கள். பட்டறை முதலாளிக்குப் பொருந்துவது அதுவே. ‘ஃப்யூம்’ என்பது புகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எரிச்சல் புகைபோல முகத்திலும் பேச்சிலும் கசிவதை அது பெரும்பாலும் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘அவனுக்குப் புகைச்சல்’ என்றால் பொறாமை என்றே கொள்வோம். ஆங்கிலத்தின் ‘ஃப்யூமிங்’ கோபத்தைக் குறிப்பது. ‘சிம்மர்’ என்பது சிறு தீயில் மெல்லக் காய்வது. ‘சீத்’ அளவுக்கு அதில் புரளல் இல்லை.

கோபமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும் என்பதை அறியாதவர்கள் தடுமாறுவதுண்டு. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் 16 கண் மதகு வழியே திறக்கப்படும்போது, கீழே வெண்ணுரையாகப் புரண்டு சுழலும் வெள்ளத்தை ஆங்கிலத்தில் ‘சீதிங் வாட்டர்ஸ்’ எனலாம். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நிற்க இடமின்றி மக்கள் அலைமோதுவதைத் ‘தி ஸ்ட்ரீட்ஸ் வேர் சீதிங் வித் பீப்பிள்’ என்று எழுதினால், பக்தர்கள் கோபமாக இருந்தார்கள் என்று யாரும் கொள்ளமாட்டார்கள். கொதிநீரின் புரளல் என்ற பழைய காட்சியே அங்கே கூட்டத்தின் நெரிசலாக மாறியிருக்கிறது. ‘வித்’ என்பதற்குப் பின் வருவது உணர்ச்சியா, மனிதர்களா என்று பார்த்தால் எந்தப் பொருள் என்று விளங்கிவிடும்.

இந்தச் சொல்லின் பழைய இறந்தகால வடிவங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். முன்பு ‘சீத்ட்’ என்பதற்குப் பதிலாகச் ‘சாட்’ என்றும், வேகவைக்கப்பட்ட என்ற பொருளில் ‘சாடன்’ என்றும் எழுதினார்கள். 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில் யாக்கோபு கூழ் காய்ச்சிய இடத்தில் ‘சாட்’ என்ற வடிவமே இருக்கிறது. அந்தச் ‘சாடன்’ இன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது. ஆனால் வேகவைத்தலை விட்டுவிட்டு, நீரில் முற்றிலும் ஊறிப்போன என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. சேர்வராயன் மலையில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்த பின் காப்பித் தோட்டத்து மண்ணில் கால் வைத்தால் புதைகிறதே, அந்த மண்ணைச் ‘சாடன்’ என்பார்கள். ஒரே தாய்ச்சொல்லிலிருந்து ஒரு பிள்ளை நெருப்போடும் இன்னொன்று நீரோடும் போயிருப்பது, இந்தச் சொல்லை எனக்கு மேலும் நெருக்கமாக்குகிறது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் நான் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. அன்று கொப்பரையையும் நெல் அவிப்பதையும் மட்டும் சொல்லி, வாக்கியத்தில் எழுவாய் யாராக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு முதலாளியைக் குறித்த சொற்களை அடித்துவிட்டு, ‘ஹி ஷவுட்டட். ஐ ஸ்டுட் தேர், சீதிங்’ என்று எழுதினார்.